இடது கை

பதினோரு வருஷம்
நான் தைத்தது இடது கை மட்டும்.
வலது கை ஷாகிதாவுடையது,
எனக்கு நேர் பின்னால்.
காலர் யார், பாக்கெட் யார், முகம் தெரியாது.
முழுச்சட்டையை நான் பார்த்ததெல்லாம்
பஸ்ஸில், யாரோ ஒருவர் முதுகில்.

மணிக்கு நூற்றுப்பத்து.
பாத்ரூம் போக ஒரு டோக்கன்,
மொத்த வரிசைக்கும் அது ஒன்றுதான்.
சூபர்வைசர் வாயில் என் பெயர் பதினேழு.
"பேகா பேகா பதினேழு" என்பான்.
கன்னடம் எனக்குள் நுழைந்தது
அந்த ஒற்றைச் சொல்லின் வழியாக.

போன ஆடியில் கம்பெனி
பீன்யாவைக் காலி செய்துகொண்டு
துமகூருக்கு அப்பால் போனது.
மெஷின்கள் லாரி ஏறின.
எங்களை யாரும் ஏறச் சொல்லவில்லை.

இப்போது நானும்
கதக்கிலிருந்து வந்த ரேணுகாவும்
லக்கெரேயில் ஒரு தகர ஷெட்டில்
பழந்துணி தைக்கிறோம்.
சட்டி பிடிக்கும் துணி, கால்மிதி, டிபன் பை,
அவள் ஊர்க் கணக்கில் கௌதி:
துண்டுமேல் துண்டு வைத்து
ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி
நடுவுக்கு வந்து சேரும் ஓட்டுத்தையல்.
துணி வருவது மைசூர் ரோடு
முனீர் பாய் கோடவுனிலிருந்து.
கிலோ தொண்ணூறு,
முறைத்துக்கொண்டு நின்றால் எண்பத்தைந்து.
எல்லாம் ரிஜெக்ட்.
வெளிநாட்டு லேபிள் உள்ளூரில் நடமாடக் கூடாதாம்,
ஒவ்வொரு சட்டையின் முதுகிலும்
பிளேடால் ஒரே இழுப்பு.

செவ்வாய்க்கிழமை மூட்டையில் ஒரு சாம்பல் நீலம்.
கையைப் பிரிக்கலாமென்று
முள்ளை வைத்தவள் வைத்தபடி இருந்தேன்.

எனக்கு ஒரு பழக்கம்.
தோள் உச்சி வந்ததும் ஒரு மூச்சு விடுவேன்.
கால் தளரும். அங்கே மட்டும்
நாலு தையல் நெருங்கி நிற்கும்,
மழைக்கு ஒதுங்கியவர்கள் மாதிரி.

நின்றிருந்தன.
பக்கத்தில், தப்பு இங்கே என்று காட்டும்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர், பசை காயாமல்.

அந்த மாசம் சம்பளத்தில் இருநூறு பிடித்தார்கள்.
அதே மூச்சை இப்போது
எடை போட்டுக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.
சிரித்துவிட்டேன் போல.
"ஏனாய்த்து?" என்றாள் ரேணுகா.
என்ன ஆயிற்று என்று சொல்ல?

சட்டையைத் திருப்பி வலது கையைப் பார்த்தேன்.
அக்குளில் தொடங்கி அக்குளில் முடிய
எண்ணி எண்ணிப் பார்த்தாலும் ஒரே இடைவெளி.
ஸ்கேல் வைத்து இழுத்த கோடு.
ஷாகிதா எங்குமே மூச்சு விடவில்லை.

மத்தியானத்தில் அவள் டப்பாவிலிருந்து
எத்தனை நாள் ஊறுகாய் எடுத்திருக்கிறேன்.
மூன்றாவது தங்கவில்லை என்று
கைகழுவும் இடத்தில் சொன்னாள் ஒருநாள்,
தண்ணீர்ச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.
மறுநாளும் வந்து
அதே நூற்றுப்பத்தைப் போட்டாள்.
அவளுடைய பழைய நம்பரில் இப்போது
யாரோ ஒரு இந்திக்காரர்.

ரெண்டு விரல் துணி குறைகிறது என்றாள் ரேணுகா.
எச்.எஸ்.ஆர் லேஅவுட்டில்
ஒரு நாய்க்கு மெத்தை ஆர்டர்.
நாயின் பெயர் மோக்கா. சாயங்காலம் ஆள் வரும்.

என் கையைப் பிரித்தேன்.
மற்ற இடமெல்லாம் சரசரவென்று வந்தது.
அந்த நாலு தையல் மட்டும் முள்ளுக்கு அடங்கவில்லை,
பல்லால் கடித்தேன்.
நூல் போன பிறகும் ஊசித்துளைகள்
எறும்பு வரிசை மாதிரி அப்படியே.
தேய்த்தும் போகவில்லை.
போகட்டுமென்று மேல்பக்கமாகவே வைத்துத் தைத்தேன்.
மூலை திரும்பும் இடத்தில்
கால் தானாகத் தளர்ந்தது.
தையல் நெருங்கியது.
ஸ்டிக்கர் ஒட்ட ஆளில்லை,
மோக்காவுக்கு அது உறுத்தப்போவதும் இல்லை.

வலது கையைப் பிரிக்கவில்லை.
கைக்குழித் தையலோடு சேர்த்து வெட்டி எடுத்து
மணிக்கட்டுப் பக்கம் முடிச்சுப் போட்டால்
அது ஒரு பை.
மெஷின் ஓரத்து ஆணியில் தொங்குகிறது.
வெட்டி விழும் நூலையெல்லாம்
அதில்தான் போடுகிறேன்.