ஒன்றுக்கு நாற்பது

நாற்பது அடி நடந்தால் ஒரு அடி இறக்கம்.
பாதைக்கு இதுதான் சரிவு என்று எழுதினேன்.
கூடினால் ஆனிச் சாரல் மண்ணை வாரிக்கொண்டு ஓடும்.
குறைந்தால் தண்ணீர் தேங்கும், கொசு வரும்,
பஞ்சாயத்திலிருந்து ஆள் வரும்.

கடையாலுமூட்டுக்கு மேலே ஐந்தரை ஏக்கர்.
ரப்பர் நின்ற இடம்.
ஒக்கி ஒரே இரவில் படுக்கவைத்துவிட்டுப் போனதில்
விற்றது போக மிச்சம் வேர்க்கட்டைகள்.
சாயாமல் நின்ற ஏழெட்டில் இன்னும் கம்பி இருக்கிறது,
பால் பிடித்த சிரட்டை உட்கார்ந்திருந்த கம்பி.

டிரஸ்ட் செயலாளர் வேலாயுதன் தம்பி
குவிமாடம் கேட்டார்.
கறுப்புக் கிரானைட்டில் பெயர்கள்,
தாமரைக் குளம், நடுவில் அணையா விளக்கு.
முதல் வரைபடத்தில் எல்லாம் இருந்தது;
சம்பளம் வாங்குகிறவள் நான்.
இரண்டாவதில் குவிமாடத்தை எடுத்தேன்.
"உள்ளே ஒருத்தர் இருமினால் நாலு தடவை கேட்கும் சார்."
அவர் மெல்ல இருமிப் பார்த்தார்,
என் அலுவலகத்தில், மேசைக்கு எதிரே.

சாம்பல் உரம் என்றுதான் நினைத்திருந்தேன்.
இல்லையாம். உப்பு, காரம்,
அப்படியே கொட்டினால் வேர் கருகும்.
மண் பரிசோதனைக் கூடத்துப் பெண்
யாருடையது என்று கேட்காமலே சொன்னாள்:
ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு இலைமக்கு,
ஒரு மழைக்காலம் சும்மா விடுங்கள்,
அப்புறம் நடலாம்.
அதனால் குழி முதலில், மரம் அடுத்த வருஷம்.
விட்டம் ஒரு முழம். ஆழம் ஒன்றரை.
நாற்பத்திரண்டு குழிகள், எல்லாம் ஒரே அளவு,
அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இருக்கைகள் வெட்டுக்கல்லில்.
மலையைப் பார்க்கப் போட்டேன்,
பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பினேன்.
இங்கே வருகிறவர்கள்
மலை பார்க்க வருகிறவர்கள் இல்லை.

மாதிரிக் குழி தோண்டிய அன்று
வள்ளவிளையிலிருந்து ஒருத்தி வந்தாள்,
மூன்று பஸ் மாறி. பெயர் மெற்றில்டா.
செருப்பைப் பாதைக்கு வெளியே விட்டாள்.
கோயிலா இது என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன்.

"சாம்பலு இல்லாதவங்களுக்குக் குழி குடுப்பியளா?"

பதினான்கு பேர் போன போட்டு.
கரைக்கு வந்தது ஒரு நீலப் பலகை,
பதிவு எண்ணில் பாதியோடு.
பள்ளித் தோட்டத்தில் இடம் தந்திருக்கிறார்கள்.
"பெட்டிக்குள்ள வைக்கத்தான் ஒண்ணும் இல்ல.
அங்க உக்காந்தா சத்தம் கேக்கும்.
கடலு காணாத இடம் ஒண்ணு வேணும்."

மேல்மூலையில் நின்றால், மழை விட்ட மறுநாள்,
மேற்கே நூல்போல ஒரு கோடு தெரியும்.
அதை நான் சொல்லவில்லை.

வேர்க்கட்டைகளைப் பார்த்தாள்.
"இதெல்லாம் எப்ப சாஞ்சது?"
சொன்னேன்.
"ஓ" என்றாள். "இங்கயும் வந்துதா."
யாரோ பொதுவாகத் தெரிந்த ஆளைப் பற்றிப் பேசுவதுபோல.

பிறகு குழியருகே குந்தினாள்.
சேலை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு
கையை உள்ளே விட்டாள். முழங்கை, அதற்கும் மேல்,
தோள் கரையைத் தொடும்வரை.
உள்ளே விரல்கள் எதையோ துழாவின.
கையை எடுத்து, மண்ணைத் தட்டாமல் சொன்னாள்:

"ஆழம் போதாது."

மூன்றாவது வரைபடத்தில் பதினேழாம் எண்ணை
கீழ்மூலைக்கு மாற்றினேன்.
அங்கிருந்து எதுவும் தெரியாது, ஓடையின் முதுகு தவிர.
ஆழம் என்ற கட்டத்தில்
பென்சிலை வைத்துக்கொண்டே இருந்தேன்.
அப்படியே அனுப்பிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை ரசலையன் போன் செய்தார்,
பின்னால் மண்வெட்டிச் சத்தம்.
"மேடம், பதினேழுக்கு ஆழம் போடல்லியே.
எதுவரைக்கும் தோண்டணும்?"

பாறை தட்டுகிறவரை தோண்டுங்கள்,
தட்டினதும் கூப்பிடுங்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் மண்வெட்டி மட்டும் கேட்டது.
பிறகு, அதுவும் நின்றது.

"பாறை தட்டல்லேன்னா?"