நாற்பது சொல்லுக்குள் ஒரு மலை

நாற்பது சொல்லுக்குள் என்றார்கள்.
தூரம், நேரம், பார்க்க வேண்டியவை,
கழிப்பறை உண்டா இல்லையா.
ஒரு நடைவழிக்கு எண்ணூறு ரூபாய்.
பெட்ரோல் நம் கணக்கு.

நாகமலைப் புதுக்கோட்டையில்
ஃபரீதா ஸ்கூட்டரை இடப்பக்கம் ஒடித்தபோது
மணி ஆறே கால்.
முதல் ஈடு வடை எண்ணெயில் புரண்டது.
"இத எழுதணும்டி" என்றாள்.
எழுதவில்லை.
கடைகள் மாறும், மலை மாறாது
என்பது அலுவலகத்தின் நம்பிக்கை.

தொடக்கம்: தாமரைக் குளம், கீழக்குயில்குடி.
தாமரை பாதிக் குளத்துக்குத்தான்.
மீதியில் ஆகாயத்தாமரை,
மல்லாந்து மிதக்கும் ஒற்றைச் செருப்பு,
கொடியில் போட்ட கறுப்புச் சட்டையாய்
சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும்
ஒரு நீர்க்காகம்.

ஆலமரத்தடியில்
தலைக்குமேல் விழுது ஆட
இருளப்பன் குரூப் டூவுக்குப் படிக்கிறான்.
மூன்று வருஷமாய் இதே நிழல்,
நிழல் நகர்ந்தால் அவனும் நகர்கிறான்.
களப்பிரர், பல்லவர், முற்காலப் பாண்டியர்
என்று உதடு ஓடுகிறது.
மேலே போயிருக்கியா தம்பி என்றேன்.
"இல்லக்கா. பாஸானதும் ஏறலாம்னு
விட்டு வச்சிருக்கேன்."

படிகளை ஃபரீதா சத்தமாய் எண்ணினாள்.
பாதியில் மகளின் அழைப்பு:
பள்ளிக்கூட டை எங்கே.
பீரோவில் இல்லை, ஃபிரிட்ஜ் மேலே பார்,
அதற்குள் எண்ணிக்கை போயிற்று.
இறங்கும்போது எண்ணினோம்,
இரண்டு பேருக்கு இரண்டு கணக்கு.
'படிகள் உண்டு' என்று போட்டேன்.

செட்டிப்புடவுக் குகையில்
கால் மடித்து அமர்ந்திருப்பவர் தீர்த்தங்கரர்.
காதின் நீளத்தைப் பார்த்து
ஊர் அவரைச் செட்டியார் ஆக்கிவிட்டதாம்.
அவர் மறுத்ததாகத் தெரியவில்லை.
முழங்கால் மேல் ஒரு ஓணான்
தலையை ஆட்டி ஆட்டி
அதை ஆமோதித்தது.

பேச்சிப்பள்ளத்தில் வரிசையாய்ச் சிற்பங்கள்.
கீழே வட்டெழுத்து.
இன்னார் செய்வித்த திருமேனி
என்பதுதான் பெரும்பாலும்.
இன்னாரின் முகம் எங்கும் இல்லை,
கொடுத்த பெயர் மட்டும் பாறையில்.
இரண்டு முழம் தள்ளி
ஆணியால் கீறியிருந்தது:
மணிமாறன், ஒரு இதயம், ஷர்மி.
மி-யின் கொக்கி முடியவில்லை.
எனக்குக் கோபம் வந்தது.
பாறையைத் தடவிப் பார்த்துவிட்டு
ஃபரீதா கேட்டாள்:
"இவளும் கூட வந்தாளா,
இல்ல தனியா வந்து வெட்டுனானா?"

கோபத்தை அப்புறம்
எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

உச்சியில்
காற்று துப்பட்டாவைப் பிடுங்கிக்கொண்டு
பல்கலைக்கழகம் வரை காட்டியது.
தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில்
முடியவே இல்லை.
கோபுரங்கள் இருக்கிற திசையில்
பால் திரிந்த மாதிரி ஒரு வெளுப்பு.
சுனையில் தலைப்பிரட்டைகள்,
இத்தனூண்டு தண்ணீரில்
எத்தனை அவசரம்.
வெறுங்காலை விட்டேன்.
விரலை மொய்த்துப் பார்த்துவிட்டு
தேறாது என்று போய்விட்டன.

ஃபரீதாவின் போன் இரண்டே கால் கிலோமீட்டர் என்றது.
என்னுடையது ஒன்றே முக்கால்.
அவள் நிழல் தேடிச் சுற்றினாள்,
நான் வெயிலில் குறுக்கே வந்தேன்.
இரண்டுமே உண்மை.
இரண்டு கிலோமீட்டர் என்று
ஒரு பொய்யை எழுதிக்கொண்டோம்.

கீழே,
ஆலமரத்தடியில் இருளப்பன்
புத்தகத்தில் விரலை வைத்து மூடி
"மேல என்னக்கா இருக்கு?" என்றான்.
சொல்வதற்குத்தானே எனக்குக் கூலி.
"காத்து..." என்று ஆரம்பித்தேன்.
சட்டென்று கையை நீட்டி மறித்தான்.
"வேணாம்க்கா. சொல்லிறாதீங்க."

தூரம் இரண்டு கி.மீ.
நேரம் ஒன்றரை மணி.
குளம், படிகள், குகை, சிற்பங்கள்,
உச்சியிலிருந்து நகரக் காட்சி.
தண்ணீர் கொண்டு செல்லவும்.
கழிப்பறை இல்லை.
முப்பத்தேழு சொல்லில்
சீவிச் சிங்காரித்து அனுப்பிவிட்டேன்.
மிச்சம் மூன்றை வெறுமனே விட்டேன்,
அவன் ஏறுகிற அன்றைக்கு
ஆகட்டும் என்று.

அச்சாகி வந்தது போன வாரம்.
அந்த இடத்தில்
அலுவலகம் போட்டிருக்கிறது:
குப்பை போடாதீர். நன்றி.