மைனஸ் பதினெட்டு

மாதவரம் இருநூறடிச் சாலையில்
விடியற்காலை நாலரைக்கு
அவளை முதலில் பார்த்தது பால்வண்டி ராயப்பன்.
"கால்ல சக்கரம், கையில ரெண்டு கம்பு,
ரோட்டைத் துடுப்பு போட்டுத் தள்ளிக்கினு
ஒரு கறுப்புப் பொண்ணு போவுது சார்" என்றான்,
அவனும் நானும் என்னவோ சிவப்பு மாதிரி.

முதல் வாரம் நாய்கள் துரத்தின.
அடுத்த வாரம் கூடவே ஓடின.
அப்புறம் தலையைக்கூடத் தூக்கவில்லை.

ஒருநாள் குளிர்பதனக் கிடங்கின் வாசலில்
வியர்வை சொட்ட வந்து நின்றாள்.
தமண்டா நியிரோங்கோ. மலாவி நாடு.
செங்குன்றம் பக்கம் பார்மஸி மூன்றாம் வருஷம்.
பிப்ரவரியில் பின்லாந்தில் பந்தயம்,
பத்துக் கிலோமீட்டர் பனிச்சறுக்கு,
அவள் நாட்டுக்கு அவள் ஒருத்திதான்.
இதுவரை தாரில்தான் சறுக்கியிருக்கிறாள்.
"உள்ளே எவ்வளவு?" என்றாள்.
மைனஸ் பதினெட்டு என்றேன்.
"பத்து நிமிஷம் நின்றுகொள்ளட்டுமா?"

இருபத்திரண்டு வருஷத்தில்
குளிரைக் கேட்டு யாரும் வந்ததில்லை.
இறால் வரும், பட்டாணி வரும்,
முகூர்த்த மாதங்களில் ஐஸ்கிரீம் பெட்டி வரும்.
எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு.
இவளுக்கு என்னவென்று போடுவது?

கம்பெனி கோட்டைக் கொடுத்தேன்,
எத்தனை துவைத்தாலும் இறால் வாசம் போகாதது.
மூக்கைச் சுளிக்காமல் போட்டுக்கொண்டாள்.

உள்ளே
அவள் மூச்சு அவள் கண்ணுக்கே தெரிந்தது.
கையை நீட்டிப் பிடிக்கப் பார்த்தாள்.
சிரித்தாள்.
சிரிப்பும் புகையாக வந்தது.
நான்காம் நிமிஷம் பல் தந்தியடித்தது.
போதும்மா என்றேன், கேட்கவில்லை.
ஆறாம் நிமிஷம்
பட்டாணி மூட்டைகளுக்கு நடுவே
இல்லாத கம்புகளை ஊன்றி
நின்ற இடத்திலேயே ஓடத் தொடங்கினாள்.

டீ குடிக்கையில் கேட்டேன்,
உங்க பாஷையில பனிக்கு என்ன பேரு?
ஆலங்கட்டிக்கு ஒரு சொல் இருக்கிறது,
அதையே இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டியதுதான் என்றாள்.
எங்களுக்கு மட்டும் என்ன வாழ்கிறது.
மார்கழியில் வண்டி சீட்டில் இருப்பது பனி,
உள்ளங்கையால் ஒரு துடைப்பு,
பேண்ட்டில் ஒரு தேய்ப்பு, முடிந்தது.
நீ போகிற ஊரில் முழங்கால் வரை கிடப்பதும் பனி.
ஒரே சொல், பாவம்,
எவ்வளவுதான் தாங்கும்.

பந்தய ராத்திரி
தராசு மேடையில் என் போன்,
சுற்றி நாலு லோடுமேன், செக்யூரிட்டி,
லீவு நாளிலும் வந்திருந்த ராயப்பன்.
முதலாவதாக வந்தவள்
மூச்சு வாங்கி, பேட்டி கொடுத்து, சால்வை போர்த்தி,
அழுதுகூட முடித்துவிட்டாள்.
எங்கள் பெண்ணைக் காட்டுவார் இல்லை.
பிறகு அந்தப் பேட்டிக்குப் பின்னால்
மரங்களுக்கு இடையில் ஒரு புள்ளி.
"அதான் சார். ஊனும்போது
சோத்தாங்கைத் தோள் இறங்கும் பாரு.
தெனம் பார்த்தவன் எனக்குத் தெரியாதா?"

கடைசி வளைவில் விழுந்தாள்.
ஒரு கம்பு எங்கோ போனது.
செக்யூரிட்டி போனைப் பார்த்து
"ஏந்திரு, ஏந்திரு" என்றார்.
எழுந்தாள்.
தொண்ணூற்று மூன்றாவது இடம்.
அவளுக்கும் பின்னால் ஒருத்தி வந்துகொண்டிருந்தாள்,
எந்த நாடோ,
அவளுக்கும் சேர்த்துக் கத்தினோம்.

அப்போதுதான் அலாரம் கேட்டது.
கிடங்குக் கதவு திறந்தே கிடந்திருக்கிறது.
மைனஸ் பதினொன்று.
ஓடிப் போய்ச் சாத்தினோம்.
பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில்
மின்தடை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.