இரண்டாம் தரம்

இடது பெருவிரல் மடிப்பில்
மூன்று மில்லிமீட்டர் கோணல்.
கண்டுபிடித்தது நான்தான்.
நீல மையில் முத்திரை குத்திக்
கூடையில் வீசியதும் நான்தான்.
ஜெர்மனிக்குப் போகவேண்டிய ஜோடி
கப்பல் ஏறவில்லை.
போன பொங்கலுக்கு முந்தின கழிவு விற்பனையில்
இருநூறு ரூபாய்க்கு
என் கைக்கே திரும்பி வந்தது.

ராணிப்பேட்டையில் யார்
கையுறை போட்டு வண்டி ஓட்டுகிறார்கள்?
ஊர் உலகத்துக்குத் தோல் பதப்படுத்தும் ஊர்
தன் தோலை வெயிலுக்கு விட்டுவிடும்.
"எப்சிபா மேடம் ரேஸுக்குப் போறாங்கோ"
என்றார் சபியுல்லா மேஸ்திரி.
மிஷின் வரிசை முழுக்கச் சிரித்தது.
நானும்தான்.

ஹெல்மெட் விஷயத்தில்
பெருமைப்பட ஒன்றுமில்லை.
அபராதம் கட்டிய அன்று ஆத்திரத்தில் வாங்கியது.
டேங்க் மேல் குழந்தை மாதிரி உட்கார்ந்து வரும்.
முத்துக்கடை சிக்னல் தெரிந்தால் தலைக்கு ஏறும்,
தாண்டியதும் இறங்கும்.
அன்று மட்டும் ஆற்காட்டில்
வீட்டு வாசலிலேயே மாட்டிக்
கொக்கியையும் போட்டேன்.
காரணம் கடைவாய்ப் பல்.
மார்கழிக் காற்று பட்டால்
காதுவரை தெறிக்கும்.
புத்தி வந்து போட்டதில்லை.
சொத்தை.

பாலாற்றுப் பாலம். ஆறேகால் மணி. பனி.
லாரி சிந்திவிட்டுப் போன மணல்
மெல்லிசாகப் படிந்திருந்தது,
தண்ணீர் இல்லாத ஆறு
எழுந்து வந்து சாலையில் படுத்தது போல.
முன்னால் போன ஷேர் ஆட்டோ
யாருக்கோ நின்றது.
பிரேக்கைத் தொட்டேன்.

தேங்காய் உடைகிற சத்தம்
மிக அருகில் கேட்டது.
உடைந்தது என் தலையில்லை என்பது
புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

விழுகிற உடம்பு
முதலில் கைகளைத்தான் அனுப்புகிறது.
பத்தடி, பன்னிரண்டடி,
தாரின் மேல் உள்ளங்கைகளால் நான்
தேய்ந்துகொண்டே போனேன்.
மேல்தோல் போய், நடுத்தோல் போய்,
உள்துணி வெளுத்துத் தெரிந்தது.
அதற்குள்ளே என் ரேகைகள்
வியர்த்துப்போய், முழுசாக.
அந்தக் கோணல் தையல்
ஒரு கண்ணிகூட விடவில்லை.

முழங்காலுக்கு யாரும் எதுவும் தைத்திருக்கவில்லை.
அதில் பாதி
இன்னும் பாலத்தில்தான் இருக்கிறது.

குடியாத்தத்துத் தீப்பெட்டி லாரியின் கிளீனர்,
காலில் செருப்பில்லை,
ஓடிவந்து எல்லாரையும் விலக்கினான்.
"ஹெல்மெட்ட இழுக்காதீங்க, கழுத்துப் பிசகிடும்."
அவன் எங்கே கற்றான் என்று
கேட்க வாய் வரவில்லை.
யாருடைய கழுத்தில் கற்றான் என்று
இப்போது நினைக்கிறேன்.

வாலாஜா அரசு மருத்துவமனையில்
பார்க்க வந்த அத்தனை பேரும் சொன்னார்கள்
தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு.
எங்கள் வம்சத்தில்
தலைப்பாகை கட்டியவர் எவருமில்லை.
டியூட்டி டாக்டர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.
ஹெல்மெட்டைத் திருப்பி
நெற்றிப்பொட்டு இருக்கும் இடத்திலிருந்து
பிடரிவரை ஓடிய விரிசலை
விரலால் தடவினார்.
பிறகு அதே விரலால்
என் தலைமுடியை விலக்கிப் பார்த்தார்.

திரும்ப வேலைக்குப் போய் நாலு மாதம்.
இப்போது ஒவ்வொரு கையுறையிலும்
கையை நுழைத்துப் பார்த்தே அனுப்புகிறேன்.
கணக்குக் குறைகிறதென்று திட்டு.
எங்கோ ஒருவன் விழப்போகிறான்,
நான் அவனுக்கு முன்னால்
அங்கே இருந்துவிட்டு வருகிறேன்.
எனக்குப் பதில் போன ஆட்டின் ஊர் எதுவென்று
சரக்குச் சீட்டில் தேடினேன்.
எண்தான் இருந்தது.

புது ஹெல்மெட் வாங்க
ஆற்காடு பஸ் ஸ்டாண்ட் எதிரே போனேன்.
கடைக்காரப் பையன் நிமிராமல் கேட்டான்:
"போலீஸுக்கா, தலைக்கா?
தலைக்குன்னா ஆயிரத்தி எண்ணூறு."

பல்லைப் பிடுங்கியாயிற்று.
வலியில்லாத முதல் காலை.
வாசலில் கொக்கியைப் பிடித்தபடி
கை ஒரு கணம் நின்றது,
காற்று பட்டது,
ஒன்றும் தெறிக்கவில்லை.
போட்டேன்.