நில் என்றொரு சைகை

கிதினியா துறைமுகத்தில் கிரேன் ஓட்ட
வியாழக்கிழமை தேர்வு.
பாடப்புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில்
பீட்ரூட் சூப்பில் நனைந்த ஐந்து விரல்கள்.
எவ்வளவு காற்றடித்தால் வேலையை நிறுத்தவேண்டும் என்கிற எண்
யாக்னாவின் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிறது.

வித்தெக் பேக்கரியிலிருந்து ஐந்தரைக்கு வருவான்,
காது மடலில் மாவோடு.
அதுவரை ஒரு கையால் படிக்கிறேன்.
மற்றது அவளுடையது.
மோதிரத்தைக் கழற்றித்
தன் காலுறைக்குள் போட்டுக்கொள்கிறாள்.

சைகைகளைக் கண்ணாடி முன் பழகினேன்.
வலக்கை மேலே, மெல்ல ஒரு வட்டம்: தூக்கு.
கீழே ஒரு வட்டம்: இறக்கு.
இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால்: நில்.
முழங்கால் உயரத்தில் இன்னொருத்தி
எல்லாவற்றையும் தப்பாகச் செய்தாள்.

நாற்பது டன் பெட்டியைப்
பால் கிண்ணம்போல் தளும்பாமல் வைப்பேன் என்று
நேர்காணலில் சொல்லிவிட்டு வந்தவள்தான்.
நேற்றிரவு இவளைத் தொட்டிலில் இறக்கத் தெரியவில்லை.
முதுகு மெத்தையில் பட்டதும்
கண் திறந்துகொண்டது.
மூன்று முறை.

வியாழன், விடியுமுன்
காலணி மாட்டிக்கொண்டிருந்தேன்.
கதவுக்குக் குறுக்கே வந்து நின்றாள்,
டயப்பர் ஒரு பக்கம் தொங்க,
இரு கைகளையும் விரித்து.
முதன்முறையாகச் சரியாக.

நில் என்று யார் காட்டினாலும்
கீழ்ப்படிய வேண்டும், அதுதான் விதி.
தேர்வில் கட்டாயம் கேட்பார்கள்.
நின்றேன்.

பிறகு வலக்கையை உயர்த்தி
ஒரு வட்டம் போட்டாள்.

ஆறு நாலு பேருந்து
ஜன்னலுக்குக் கீழே போயிற்று.
ஆறு பதினாறுக்கு ஒன்று உண்டு.