மடிப்புக்குள் இருந்தது

செவ்வாய்க்கிழமை முப்பத்தோரு காக்கி வந்தது.
ஆயுதப்படை மைதானத்தில் ஒத்திகையாம்.
பாதிப் போலீஸ் கலகக்காரர்களாக நடிக்க
மீதிப் போலீஸ் அவர்களைக் கலைத்ததாம்.
"துவைக்க நேரமில்லக்கா, சும்மா தேய்ச்சுக் குடு,
நாளைக்கு எஸ்.பி. பார்வை"
மூட்டையை இறக்கிவிட்டுப் போனார் திம்மராஜ்.

கிருஷ்ணகிரி, பழையபேட்டைத் திருப்பம், என் தள்ளுவண்டி.
தேங்காய் ஓட்டுக் கரி நன்றாகக் கனிந்திருந்தது.
முதல் சட்டையின் காலரில் பெட்டியை வைத்தேன்.

மிளகாய் வறுத்தது போல என்பார்கள்.
இல்லை, மிளகாய் ரெண்டு தும்மலோடு போய்விடும்.
இது கண்ணில் ஊசி கோத்து
மூக்கு வழியாக நூலை இழுத்தது.
நெஞ்சைச் சுற்றி யாரோ கயிறு இறுக்கினார்கள்.
இமை என் பேச்சைக் கேட்கவில்லை.

பஞ்சர் ஒட்டும் நாகோஜி
"வீட்ல சண்டையா?" என்று கேட்டபடி
கிட்டே வந்தார். அவரும் அழுதார்.
யாரும் சாகாத எழவு வீட்டில்
இருவரும் அரை நிமிடம் நின்றோம்.

முந்தானையால் துடைத்தேன். அதுதான் தப்பு.
மூட்டையைத் தூக்கியதும் அதே முந்தானைதான்.

"கசக்காதீங்க! கைய எடுங்க!"
ராத்திரி டூட்டி முடிந்து வந்த
சிஸ்டர் ஃபாத்திமுன்னிசா என்னை இழுத்துப் போய்
காற்று வரும் பக்கமாக நிறுத்தினார்.
தலையைச் சாய்த்துப் பிடித்து
குடத்துத் தண்ணீரைச் சொம்பு சொம்பாக ஊற்றினார்,
பத்து நிமிடம், கண்ணைத் திறக்கச் சொல்லிச் சொல்லி.
யாரோ பால் கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்றார்.
என் வீட்டுக்காரர் தேங்காய் எண்ணெயோடு ஓடிவந்தார்.
"அத மொதல்ல தூரமா வைங்க,
தூளத் தோலோட ஒட்டிவெச்சிடும்."

தூளா?

"பேர்தான்க்கா புகை. உள்ள இருக்கறது மாவு.
முகப்பவுடரவிட நைசா இருக்கும்.
மடிப்புல, தையல்ல, பாக்கெட் மூலையில உக்காந்துக்கும்.
சூடு பட்டா மறுபடி எழுந்துக்கும்."

அப்படியானால் நேற்று சுட்டது அவர்கள்.
இன்று சுட்டது என் இஸ்திரிப் பெட்டி,
யார் உத்தரவும் இல்லாமல்.

என் இளையவன் இழுப்புக்காரன்.
மத்தியானத்தில் துணிமூட்டை மேல்தான் தூங்குவான்.
அன்று அங்கன்வாடியில் முட்டை போடும் நாள்,
போயிருந்தான்.
அதைப் பற்றி நான் மேற்கொண்டு யோசிக்கவில்லை.
ரெண்டு ராத்திரி யோசித்தேன்.

சாயங்காலம் திம்மராஜ் வந்தார்.
கழுத்தில் காலர் உரசும் இடத்தில் சிவந்த பட்டை.
வேர்க்குரு என்றார்.
வேர்வை பட்ட இடத்தில் அது கூடுதலாகக் கடிக்கும் என்று
காலையில்தான் நான் கற்றிருந்தேன், சொன்னேன்.
தொட்டுப் பார்த்துக்கொண்டார்.
பிறகு போனில் ஸ்டோர் சுற்றறிக்கையைக் காட்டினார்.
கையுறை போடு. கண்ணாடி போடு.
காற்றுக்கு முதுகு காட்டு.
அடைத்த அறையில் பிரிக்காதே.
தேதி போன குண்டைத் தனியே வை, தட்டாதே.
உடுப்பைக் கழற்றிப் பையில் கட்டு.

"கட்டின பிறகு?"
மேலும் கீழும் தள்ளித் தேடினார்.
"அப்புறம் ஒண்ணும் போடலக்கா."

அந்தப் பைக்கு அப்புறம்தான் நான் இருக்கிறேன்.

இப்போது வண்டியில் சாக்பீஸில் எழுதியிருக்கிறேன்:
ஒத்திகைத் துணிக்குத் தனி வாளி,
பச்சைத் தண்ணி, ரெண்டு அலசு,
ஒருநாள் காத்து, அப்புறம்தான் பெட்டி.
உருப்படிக்கு அஞ்சு ரூபா கூட.
திம்மராஜ் நாலுக்குப் பேரம் பேசினார்.
அஞ்சுதான்.

அன்று ரப்பர் கையுறை மாட்டி, மூக்கைக் கட்டி,
ஆள் நடமாட்டமில்லாத புறம்போக்கில் கொடி கட்டினேன்.
முப்பத்தோரு சட்டையும் கையை விரித்து நின்றன.
சையத் பாஷா மலைப் பக்கமிருந்து காற்று வந்து
அவற்றைக் கலைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் எஸ்.பி. பார்வையில்
அவர்கள் பழைய உடுப்பில், கசங்கலோடு நின்றார்களாம்.
ஒன்றும் ஆகவில்லை.