பருப்பு வேகும் நேரம்

பைசாந்து நகரில், ஆற்றிலிருந்து மூன்றாவது தெருவில்
என் இறைச்சிக் கடை.
முப்பத்தொரு வருடமாய் அடுத்ததன் ரத்தத்தையே
கழுவி விட்டிருக்கிறேன்.
இன்று என் விரலிலிருந்து ஒரு சொட்டு.

கருவியைப் பார்த்துச் செவிலி கிரிசெல்டா
நூற்று முப்பத்தெட்டு என்றாள்.
கிலோவுக்கா? என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு தாள். மொண்டெவிடேயோவிலிருந்து
பெரிய ஆய்வாம்.
சிவப்பு இறைச்சி வாரத்தில் எத்தனை முறை?
ஞாயிறு விறகுத் தணலில் விலா.
திங்கள் அதன் மிச்சம்.
செவ்வாய் கடையில் விலைபோகாத சொரிசோ.
மற்ற நாட்களை நீயே எழுதிக்கொள் என்றேன்.
மீன்?
மைத்துனனிடம் படகு இருக்கிறது,
அவன் பிடிப்பதை அவன் பூனை தின்கிறது.
பயறு, பருப்பு?
குளிர் வந்தால் ஒரு தடவை. அப்போதும் கரண்டி
பன்றிக்கொழுப்பைத் தேடித்தான் போகும்.

தொத்திறைச்சி அதிகம் தின்பவர்களிடம்
இந்தச் சர்க்கரை அதிகம் தெரிகிறது என்றாள்.
தொடர்பு உண்டு.
அதுவேதான் காரணமென்று அடித்துச் சொல்வதற்கில்லை.

கத்திக்கும் மாட்டுக்கும் உள்ள தொடர்பா,
ஈக்கும் மாட்டுக்கும் உள்ள தொடர்பா?

பேனாவை மூடிவிட்டுச் சொன்னாள்:
"அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம், வில்மார்."

அந்த நேர்மை கொஞ்சம் இடித்தது.
இருந்தாலும் வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்,
என்னிடம் உங்கள் பருப்பு வேகாது.

நாலு நாள் கழித்து எதிர்க்கடை நெல்பாவிடம்
அரைக்கிலோ பருப்பு கேட்டேன், தணிந்த குரலில்.
இறைச்சி சுற்றும் தாளை நானே கொண்டுபோயிருந்தேன்.
சுற்றி, நூல் கட்டி, அக்குளில் இடுக்கித் தெருவைக் கடக்கையில்
எடெல்மா பிடித்துக்கொண்டாள்:
என்ன வெட்டு அது?
புதிது, என்றேன்.

பழக்கதோஷம், தராசில் வைத்துப் பார்த்தேன்.
ஐநூற்றுப் பன்னிரண்டு கிராம்.
நெல்பாவுக்குத் தாராளக் கை.
எலும்பில்லை, நரம்பில்லை, சீவ ஒரு சவ்வில்லை.
மேசையில் கிடந்த கத்தி
என்னை ஒருமாதிரி பார்த்தது.

இரவு. சட்டியில் வெங்காயம், குடைமிளகாய்,
ஒரு பிரிஞ்சி இலை.
சொரிசோ ஒன்றை எடுத்தேன்.
பாதியாய் நறுக்கினேன்.
இரண்டு பாதியையும் குளிர்பெட்டியில் வைத்தேன்.
ஒரு பாதியை வெளியே எடுத்தேன்.
கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

மூன்று மாதம் கழித்து
இன்னொரு சொட்டு கேட்டிருக்கிறாள் கிரிசெல்டா.
அது என்ன விலை சொல்லுமோ.

மூடியைத் திறந்து திறந்து பார்த்தால்
வேக நேரமாகும் என்பார்கள்.
திறந்து பார்க்கிறேன்.
இன்னும் கொஞ்சம்.